‘ஸ்லீவ்’ என்பதை ‘கை’ என்று மாற்றினேன்... 63 பேரின் அளவு காணாமல் போனது!

போன தீபாவளிக்கு 12 நாள் இருக்கும்போது, காலை 7 மணிக்கு அம்மா போன் செய்தார். திண்டுக்கல்லில் 22 வருடமாக பிளவுஸ் தைக்கிறவர். சீசனில் அவருக்குப் போன் பேசவெல்லாம் நேரம் இருக்காது.

"ஏன்டி, செல்லுல பேரெல்லாம் காணோமே. வெறும் வெள்ளையா நிக்குது. நான் எதையாச்சும் தொட்டுட்டேனா?"

அம்மா எதையும் தொடவில்லை. தொட்டது நான்.

தோள், கழுத்து இறக்கம், கை நீளம் என்று பென்சிலில் கிறுக்கிய அம்மாவின் அளவு நோட்டில் ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்குள் மெஷின் ஆறிப்போகும். நான் படித்தது இதழியல் டிப்ளோமா. கோடிங் தெரிந்ததெல்லாம், ஆபீஸில் தேர்தல் முடிவுப் பக்கத்துக்காகக் கற்றுக்கொண்டதுதான். அந்தத் தைரியத்தில் பைத்தானில் ஒரு சின்ன வெப் ஆப் எழுதினேன். பெயரைத் தட்டினால் அளவு வரும். என் லேப்டாப்பில் ஜோராக ஓடியது. ஆனால், அம்மாவின் செல்லில் ஓட வேண்டுமே!

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன சரக்கு என்று கிரேனுக்குக் கவலையில்லை, பெட்டி ஒரே அளவில் இருந்தால் போதும். மென்பொருளிலும் அப்படித்தான். புரோகிராமையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து கிளவுட் தளத்துக்கு அனுப்பிவிடலாம். 2013-ல் வந்த டாக்கர் இந்த முறையைப் பரவலாக்கியது. பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று ‘டாக்கர்ஃபைல்’ ஒன்றில் எழுத வேண்டும். என்னுடையது 8 வரி.

முதல் இரவு முழுக்க ஆப் திறக்கவே இல்லை. காரணம் சின்னது. என் ஆப் 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருந்தது. கன்டெய்னருக்குள் இருந்து கூப்பிட்டால்தான் அதற்குக் கேட்கும், வெளியிலிருந்து யார் தட்டினாலும் கேட்காது. அதை 0.0.0.0 என்று மாற்றி, தளம் சொன்ன போர்ட் எண்ணைக் கொடுத்ததும் திறந்துகொண்டது. அதிகாலை 3 மணிக்குத் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

"இனி நோட்டு வேண்டாம்மா" என்று பெருமையாகச் சொன்னேன். நம்பினார். மூன்று வாரத்தில் 63 புதிய கஸ்டமர்களை ஏற்றினார். அப்புறம், "ஸ்லீவ்னு இருக்கிறதை கைன்னு மாத்துடி" என்றார். ஒரே ஒரு சொல். ராத்திரி மாற்றி, ஆப்பை மறுபடி ஏற்றிவிட்டுத் தூங்கிப்போனேன்.

புதிதாக ஏற்றும்போது தளம் பழைய கன்டெய்னரைத் திறந்து திருத்துவதில்லை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கிறது. நானோ அளவுகளைச் சேமிக்கும் ஃபைலையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். உள்ளே எழுதுவது நிலைக்காது என்று தளத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆப் திறந்த சந்தோஷத்தில் நான் அதற்கு மேல் படிக்கவில்லை.

40 பேர் அளவு பிளவுஸ் கொடுத்திருந்தார்கள், தப்பித்தோம். மீதி 23 பேருக்கு அம்மா உடம்பில் டேப் வைத்து அளவெடுத்திருந்தார். துணிக்கட்டில் குத்தியிருந்த சீட்டில் போன் நம்பர் இருந்ததால், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி வந்துட்டுப் போங்கம்மா" என்று கெஞ்சினார். இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அளவுகள் கன்டெய்னருக்கு வெளியே, தனி டேட்டாபேஸில் இருக்கின்றன. தினமும் ராத்திரி ஒரு பிரதி என் லேப்டாப்புக்கு வருகிறது. அம்மா முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் செல்லில் ஏற்றுகிறார். நானும் வேண்டாமென்று சொல்வதில்லை.

போன வாரம், "நெக்னு இருக்கிறதையும் கழுத்துன்னு மாத்தணும்டி" என்றார்.

"இன்னிக்கு ராத்திரி மாத்திடறேன்மா."

"இரு இரு. நோட்டுல எல்லாம் இருக்கான்னு ஒருதரம் பாத்துட்டுச் சொல்றேன்."