மியூட்டில் ஒன்பது நாள்

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவின் காதுமெஷினைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வந்தேன். ரெண்டே நாளில் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். சொன்ன விதத்தைப் பார்த்தால் ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது. அம்மாவுக்கு அது பெரிய கவலையில்லை, ராத்திரி எட்டரை மணிக் காமெடி சேனல்தான் கவலை. சவுண்டைக் கூட்டிவைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பரீட்சை என்று அவன் அம்மா வந்து தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவே ரிமோட்டைப் பிடுங்கி மியூட்டில் போட்டாள். "எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. நீ ஏண்டா அலட்டிக்கிறே?"

மார்ச் 4, புதன்

வாழைப்பழக் காமெடி. 'கரகாட்டக்காரன்' 1989இல் வந்த படம். அந்த ஒரு ரூபாயும் ரெண்டு பழமும் தெரியாத வீடு நம் ஊரில் இருக்காது. சத்தம் போனதும் கவுண்டமணியில் பாதி போய்விடுகிறது. அவருடைய சொத்தே தொண்டைதான். மிஞ்சுவது செந்திலின் முகம். தப்பே செய்யாத பிள்ளையின் முகம். அம்மா பெரிதாகச் சிரிக்கவில்லை. "ரெண்டும் வயித்துப்பாட்டுக்கு மேளம் அடிக்கிறதுங்க. ஒரு பழத்துக்கு எவ்வளவு கோவம் பாரு" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு ரூபாயைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

மார்ச் 5, வியாழன்

'காதலிக்க நேரமில்லை', 1964. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிறார். சத்தமில்லாததால் ஒன்று பிடிபட்டது. நான் இதுவரை நாகேஷையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதை நடப்பதோ பாலையாவின் முகத்தில். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த மனிதர் எவ்வளவு தூரம் ஓடிவிட்டு வருகிறார்! அம்மா ஒரு வார்த்தை காதில் விழாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மார்ச் 6, வெள்ளி

இன்று வடிவேலு ராஜ்யம். 'வின்னர்' கைப்புள்ள, 'தலைநகரம்' நாய் சேகர், 'ஃப்ரெண்ட்ஸ்' நேசமணி. மனிதருக்குச் சத்தமே தேவையில்லை. உடம்பே பேசுகிறது.

அவர் அடிவாங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அடி விழும்போது வருவது பாதிச் சிரிப்பு. மீதி, அடி ஓய்ந்த பிறகு வருகிறது. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் ஒரு நோட்டம். பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒரு நடை. ஒன்றுமே நடக்காத மாதிரி. உடம்பில் பட்ட அடியை அவர் பொறுத்துக்கொள்கிறார். நாலு பேர் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே இருந்தவள், "உங்கப்பாவும் இப்படித்தான் வருவார்" என்றாள்.

அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் இருந்தார். ஒருநாள் கணக்கில் பணம் குறைந்ததென்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே முதலாளி சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் கணக்குச் சரியாக வந்துவிட்டது. யாரும் வருத்தம் சொல்லவில்லை. சத்தம் வாங்கிய அன்றைக்கு அப்பா கால் கிலோ அல்வாவோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு நல்ல வியாபாரம் என்றார். அப்போது எனக்கு ஏழு வயது. அல்வா மட்டும்தான் ஞாபகமிருக்கிறது. அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவரிடம் கடைசிவரை கேட்கவே இல்லையாம்.

மார்ச் 8, ஞாயிறு

கடையிலிருந்து இன்னும் போன் வரவில்லை.

இன்னொரு சேனலில் 'தேவர் மகன்' முழுப்படம். வடிவேலு 'என் ராசாவின் மனசிலே'யில் தலைகாட்டியது 1991இல். அடுத்த வருஷமே இந்த இசக்கி வேஷம். கதாநாயகன் சக்தி சொன்னான் என்று கோயில் பூட்டைத் திறந்தவனுக்குக் கை போய்விடுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இனிமேல் சாப்பிடுவதற்கும் கழுவுவதற்கும் ஒரே கைதான் என்கிறான்.

"என்னடா சொல்றான்?" என்று அம்மா கேட்டாள். காதருகே போய்க் கத்திச் சொன்னேன். கத்திச் சொல்லும்போதுதான் உறைத்தது, இது சுத்தமான காமெடி வசனம். வேறு படத்தில், வேறு கட்டிலில் சொல்லியிருந்தால் தியேட்டர் அதிர்ந்திருக்கும். இங்கே தொண்டை அடைக்கிறது. துக்கத்தைச் சொல்ல இசக்கிக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். காமெடி சேனலில் இந்தக் காட்சியை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அவர்கள் கணக்கில் இது காமெடியில் சேராது போலிருக்கிறது.

மார்ச் 11, புதன்

ஒருவழியாகக் காதுமெஷின் வந்துவிட்டது. மாட்டியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "ஃபேன் ஏண்டா இப்படிக் கத்துது?"

ராத்திரி 'திருவிளையாடல்', தருமி. 1965 படம். ஏ.பி.நாகராஜன் எத்தனையோ ஜோடனையோடு எடுத்த படத்தில், அம்மைத் தழும்பு முகமும் ஒட்டிய வயிறுமாக நாகேஷ் தனியாக மண்டபத்தில் புலம்பியே மொத்தப் படத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போகிறார். சினிமாவுக்கு வருமுன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். மாதக் கடைசி அவருக்குத் தெரியாததல்ல. புலம்பலைச் சத்தத்தோடு கேட்டால்தான் அந்த மூச்சிரைப்பு தெரிகிறது. ஆயிரம் பொன் என்றதும் கடனையும் பசியையும் கூட்டிக் கழிக்கிற குரல் அது. அம்மா சிரிக்கச் சிரிக்க, மெஷின் வேறு கூடவே விசிலடித்தது.

சிவனோடு பேரம் சூடு பிடிக்கும் நேரத்தில் சட்டென்று விளம்பரம். பிறகு வேறு படம், வேறு காமெடி.

"அவனுக்கு அந்தப் பொன் கிடைச்சுதா?" என்றாள் அம்மா. இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவள்தான். ஆனாலும் யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல.

கிடைத்தது என்றேன். பரஞ்சோதி முனிவர் புராணத்தில் அந்தப் படலத்துக்குப் பேரே தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்தான் என்றும் சொன்னேன்.

"அப்போ சரி" என்று மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.