கட்டக்கோரை

முயல் தீவுக் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரையை மிதித்துக்கொண்டுதான் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறோம். அது ஆல்ஜினேட் ஆலைக்குப் போகும், கஞ்சிப்பாசி அகர் காய்ச்சப் போகும். எங்கள் கடற்பாசி அறிவு அவ்வளவே.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடற்பாசியிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் சாறொன்றை எடுத்து, 'கடல்மின்' என்ற வணிகப்பெயர் வரிசையில் சேர்த்திருப்பதைப் படித்தோம். 1973இல் இதே தூத்துக்குடியில் முத்து வளர்த்துக் காட்டிய நிறுவனம். பெயரிலும் கடல் இருந்தது. தமிழ் படித்தவர்களுக்குப் பெயரே பாதி மருந்து.

இருவருமே இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. விழுங்குபவர்கள். ஆய்வகச் சாற்றை வாங்காமல், கரையில் கிடப்பதற்கு இவ்வளவு விலையா என்று, தெரிந்தவர் ஒருவர் விற்ற பாசிப்பொடியை வாங்கினோம். மூன்று மாதம் மோரில் கலக்கிக் குடித்தோம். மாத்திரையை நிறுத்தினோம், மருத்துவரிடம் சொல்லவில்லை.

கெட்ட கொழுப்பு எனக்கு 104இலிருந்து 172 ஆகியிருந்தது. மனைவிக்கு 190ஐத் தாண்டியிருந்தது.

"உங்களுக்கு ஏறினதுல அதிசயம் இல்ல சார். மாத்திரைய விட்டா ஈரல் பழையபடி கொழுப்ப உண்டாக்கத்தான் செய்யும்" என்றார் மருத்துவர். பிறகு மனைவியிடம் திரும்பி, "நீங்க தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுறவங்கதானேம்மா?" என்றார்.

பழுப்புப் பாசிகளில் அயோடின் மிகுதி. ஏற்கெனவே நலிந்த தைராய்டு சுரப்பி, அளவுக்கு மீறிய அயோடினால் மேலும் மந்தமாகக்கூடும். சுரப்பு குறைந்தால் இரத்தத்தில் கொழுப்பு ஏறும். கொழுப்பைக் குறைக்கக் குடித்த பொடியே அதை ஏற்றியிருக்க வாய்ப்பிருந்தது. ஆய்வகத்தில் பிரித்து, அளந்து குப்பியில் அடைத்த சாறு வேறு, கரையில் உலர்த்தி இடித்த பொடி வேறு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை வகுப்பறையில் விளக்குகிற எங்களுக்கு இது உறைக்கவில்லை.

இன்னொன்றும் பின்னர்தான் தெரிந்தது. நாங்கள் 'இரசாயனம்' என்று ஒதுக்கிய மாத்திரை வகையின் முதல் மூலக்கூற்றை, ஜப்பானியர் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துக் கண்டறிந்தார். அந்தப் பூஞ்சை கியோட்டோ தானியக் கடையொன்றின் அரிசியில் இருந்தது. பாசியைக் கும்பிட்டுப் பூசணத்தைப் பழித்திருக்கிறோம்!

மாத்திரைக்குத் திரும்பிவிட்டோம். எனக்குக் கொழுப்பு இறங்கிவிட்டது. மனைவிக்குத் தைராய்டு அளவு இன்னும் இயல்புக்கு வரவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அடுத்த சோதனை தை மாதம்.