கடலாடப் போனோம்

அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தவனைப் பற்றி நம் பெரியோர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழமொழிக்கு உதாரண புருஷனாக ஆறு வருஷ காலம் வாழ்ந்தவன் அடியேன். எனக்கு ஒரகடத்தில் உத்தியோகம். அங்கிருந்து கோவளம் கடற்கரை 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆயினும், "இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருஷங்கள் கழிந்தன. முதலில் இரவு ஷிப்டு குறுக்கே நின்றது, பிறகு மழைக்காலம், பிறகு சிநேகிதர்களின் கலியாணங்கள். அலையும் ஓயவில்லை, நாங்களும் போகவில்லை.

கடைசியில், சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த்தான் வந்தோம். கரையில் நின்று கால் நனைத்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பவில்லை. படகேறி, அலைக்கு அப்பால் சென்று, நடுக்கடலில் இறங்கி நீந்திவிட்டு வந்தோம். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஏரிகளின் நாட்டில்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் 1017-ஆம் ஆண்டில் அங்கே அவதரித்த ராமாநுஜரை நினைப்பவர்கள் பலர். கார் தொழிற்சாலையை நினைப்பவர்கள் இன்று அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-லும், ஒரகடத்திலிருந்து 2010-லும் கார்கள் வெளிவரத் தொடங்கின. லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று இந்த வட்டாரத்தில் இன்று உண்டாகாத சாமான் அபூர்வம். இங்கே பிறக்கும் கார்களில் பல உள்நாட்டுச் சாலையைக் காண்பதே இல்லை. அவை நேரே சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூர்த் துறைமுகத்துக்கோ போய், சாய்வுப் பாலத்தின் வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் வரிசையாக ஓடி ஏறிக்கொண்டு, கடல் கடந்து போய்விடுகின்றன.

எங்கள் விடுதியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். கார்க் கதவுக்கு ரப்பர்ப் பட்டி பொருத்துவது அவன் வேலை. அவன் கைப்பட்ட கதவுகள் எத்தனையோ சமுத்திரங்களைத் தாண்டியிருக்கும். ஆனால் அவன் மட்டும் நான்கு வருஷமாகியும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை! அவனைச் சொல்லுவானேன்? எங்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

கடல்தான் தூரம் என்றால், தண்ணீருக்குமா இங்கே பஞ்சம்? பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். எங்கள் பேட்டைகளுக்கு நடுவே இன்னும் ஏரிகள் கிடக்கின்றன. சற்று வடகிழக்கே 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி, சென்னை நகரத்தின் தாகத்தைத் தீர்த்துக் கொண்டிருக்கிறது. முன்னெல்லாம் இந்தக் கிராமங்களில் பிறந்த பிள்ளை நடக்கக் கற்ற சில வருஷங்களில் நீந்தவும் கற்றுவிடும். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ காலி மண்ணெண்ணெய் டின்னையோ கட்டி, இடுப்பில் கயிற்றைப் பிணைத்து, பாசனக் கிணற்றில் மாமனோ சித்தப்பனோ தள்ளிவிடுவார். நாலு நாள் அழுகை. ஐந்தாம் நாள் கிணற்றை விட்டு ஏறச் சொன்னால் அழுகை. இப்போது அந்தக் கிணறுகளில் பல தூர்ந்து, அவற்றின் மேல் கிட்டங்கிகள் நிற்கின்றன. ஏரி மட்டும் இருக்கிறது, நீச்சல் போய்விட்டது. அந்த ஏரிகளும் பழைய ஏரிகள் அல்ல. மண்ணுக்காக ஆங்காங்கே தோண்டிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. முழங்கால் அளவு என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தால், அடுத்த அடி இரண்டாள் ஆழம்.

அப்படி ஓர் அடியை எடுத்து வைத்தவன் எங்கள் விடுதியில் இருந்தான். இரண்டு வருஷங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாத மாலையில், வெயில் தாங்காமல் நாலு பேர் ஏரிக்குக் குளிக்கப் போனார்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். கரையில் நின்ற மூவருக்கும் நீந்தத் தெரியாது. அந்த மூவரில் ஒருவன்தான் ஜார்க்கண்டுத் தம்பி. அதன் பிறகு அவன் வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. எங்கள் பிரயாணம் உல்லாசப் பிரயாணந்தான். ஆனால் எங்கள் மனத்தில் அவனும், திரும்பி வராத அந்த நாலாமவனும் இருந்தார்கள்.

கோவளத்துக்கு வழி

ஏழு பேர் புறப்பட்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. எங்களில் இருவர் பெண்கள். ஒருத்தி மணப்பாறைக்காரி, மற்றவள் மாயவரம். ஆடவர்கள் ஐவரும் வழி நெடுக நீச்சல் பிரதாபங்களை அளந்து கொண்டே வந்தோம். வந்தவாசி நண்பர் தாம் ஒரே மூச்சில் கிணற்றடி மண்ணை அள்ளி வந்த கதையை மூன்று தடவை சொன்னார். மாயவரத்துப் பெண் மட்டும் ஜன்னலோரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

படப்பையைக் கடந்து மண்ணிவாக்கம் வரும்போது கிழக்கு வெளுத்தது. பக்கத்திலேதான் முடிச்சூரும் வரதராஜபுரமும். 2015 டிசம்பரில், ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாறு கரை மீறியபோது, இந்தக் குடியிருப்புகளில் வீடுகள் கழுத்தளவு நீரில் நின்றன. கடலோரத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து, மொட்டை மாடிகளில் தவித்தவர்களை இறக்கிக் கரை சேர்த்தார்கள். படகு கடலை விட்டு ஊருக்குள் வந்த நாட்கள் அவை.

வண்டலூரைத் தாண்டி, கேளம்பாக்கத்து உப்பளங்களின் வெண்மையைப் பார்த்துக்கொண்டே கோவளம் போய்ச் சேர்ந்தோம். சிறிய ஊர்தான், ஆனால் கைலாசநாதர் கோயில், கார்மேல் மாதா கோயில், தர்கா மூன்றும் அருகருகே குடியிருக்கும் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் இங்கே பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்தார்கள். 1752-ல் கிளைவு இங்கிருந்த கோட்டையைப் பிடித்தான். இப்போது கோட்டையின் கம்பீரம் எதுவும் மிஞ்சவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அலைச் சறுக்குப் பலகையின் மேல் நின்று விளையாடுவதைப் பார்க்கவே வெளியூரார் வருகிறார்கள். 2021-ல் இந்தக் கடற்கரைக்கு 'நீலக் கொடி' என்னும் சர்வதேச நற்சான்று கிடைத்தது. சுத்தமான மணலும், குளிப்பதற்கென்று எல்லை குறித்த இடமும், காவலர்களும் இருந்தால்தான் அந்தக் கொடி பறக்கும்.

அலையைத் தாண்டி

எங்களை அழைத்துப் போன படகு, கண்ணாடி இழைப் படகு. ஓட்டியவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். உதவிக்கு அவர் மகன். ஏறுவதற்கு முன்பே எல்லோருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி, வாரை அவரே இழுத்துப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியும், ஐயா" என்றார் வந்தவாசி நண்பர். "கடலுக்கு அது தெரியாதே, தம்பி!" என்றார் பெரியவர். அதற்கு மேல் பேச்சில்லை.

கிரேக்க நாட்டுத் தீவுகளில் இப்படி நீந்துவதற்கென்றே காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் படகுகள் உண்டு. படகு ஒரு சிறு குடாவில் நிற்கும். எல்லோரும் குதித்து நீந்துவார்கள். பிறகு அடுத்த குடா. அங்கே கோடைக் காலத்துக் குடாக்களில் பெரும்பாலும் பொய்கையைப் போல நீர் அடங்கி நிற்கும். ஏற்ற வற்றமும் மிகச் சொற்பம். நம் வங்காள விரிகுடாவின் சுபாவமே வேறு. இங்கே ஒளிந்துகொள்ளக் குடா கிடையாது. நேர்கோடாக நீண்ட கரையில் அலை வந்து மோதிக்கொண்டே இருக்கும். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலிலிருந்து இறங்கினவர்கள் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகு இந்த அலையில் பிளந்து போகும் என்பதால், மசூலாவின் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். கட்டுமரத்துக்கோ உடையும் வயிறே கிடையாது. அலை அதன் ஊடே புகுந்து வெளியேறிவிடும். ஆங்கிலேயர் அந்த மரத்தோடு அதன் பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெரியவர் அலைகளை எண்ணுவது போலப் பார்த்துக் கொண்டே இருந்தார். பெரிய அலைகள் சில உடைந்து ஓய்ந்த ஒரு நொடியில், "தள்ளு!" என்றார். படகு மூக்கைத் தூக்கி, விழுந்து, மறுபடி தூக்கியது. எங்கள் பிரதாபங்கள் எல்லாம் அடங்கிவிட்டன. மூன்றாவது அலையையும் தாண்டியதும், யாரோ கதவைச் சாத்தினாற்போல் சத்தம் நின்றது. அதற்கப்பால் நீர் மெதுவாக மூச்சு விடுவது போல ஏறி இறங்கியதே தவிர, அலை உடையவில்லை. மாசி மாதத்துக் கடல் அவ்வளவு சாது.

கரை மெல்லிய கோடாகத் தெரிந்த இடத்தில் நங்கூரம் போட்டார்கள். படகின் பின்னால் நீண்ட கயிறு ஒன்றை மிதவையோடு கட்டி விட்டார்கள். "கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள். வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார் பெரியவர். நீரோட்டத்தை அவர்கள் வெள்ளம் என்றுதான் சொல்லுகிறார்கள்.

முதலில் யார் குதிப்பது? ஆடவர் ஐவரும் ஒருவரை ஒருவர் உபசரித்துக் கொண்டிருந்தோம். 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. மாயவரத்துப் பெண் பதினைந்து கெஜ தூரத்தில் தலையைத் தூக்கிச் சிரித்தாள்! காவேரிக் கரையில் பிறந்து, பாட்டியிடம் நீந்தக் கற்றவளாம். வந்தவாசி நண்பர் மானம் பொறுக்காமல் குதித்தார். அவருடையது கடப்பாரை நீச்சல் என்பது உடனே வெளிப்பட்டது. மிதவைச் சட்டைதான் அவரைக் காப்பாற்றியது.

இறங்கியதும் கால் தரையைத் தேடுகிறது, தரை இல்லை. நெஞ்சு 'பகீர்' என்கிறது. ஒரு நிமிஷம் பொறுத்தால், உப்பு நீர் உடம்பைத் தூக்குவது தெரிகிறது. கிணற்று நீரைவிடக் கடல் நீர் கனமானது; ஆகையால் அதில் மிதப்பது சுலபம். மேலே வெயில் வெதுவெதுப்பு, காலடியில் குளிர்ச்சி. காது நீருக்குள் அமிழ்ந்ததும் உலகத்துச் சத்தமெல்லாம் ஓய்ந்தன. ஆறு வருஷமாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரச் சத்தமும் அன்றுதான் நின்றது.

ஜார்க்கண்டுத் தம்பி மட்டும் படகின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. பெரியவர் அவன் அருகில் வந்து உட்கார்ந்து, எங்களிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்து கொண்டார். பிறகு சொன்னார்: "முடிச்சூருக்கு வெள்ளத்தில் நாங்களும் படகு கொண்டு போனோம், தம்பி. படகு மாடிக்குப் பக்கத்தில் வந்த பிறகும் சிலர் ஏறவில்லை. தண்ணீரோடு பழகாதவர்கள். பயம் வேண்டியதுதான், எனக்கும் கடலைக் கண்டு பயம் உண்டு. ஆனால் பயந்தவனுக்குக் கையும் காலும் ஓட வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும்."

பெரியவரின் மகன் முதலில் இறங்கினான். தம்பி ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினான். இடுப்பளவு, மார்பளவு. "மல்லாந்து படு, தலையை என் கையில் வை, வயிற்றை மேலே தூக்கு." முதல் தடவை உதறிக்கொண்டு ஏணியைப் பிடித்துக்கொண்டான்; இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். தலைக்கடியில் இருந்த கை மெல்ல விலகியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவன் அறியவில்லை. கண் திறந்து, தான் தனியே மிதப்பதைக் கண்டதும், தனக்குத் தெரிந்த தமிழில், "அண்ணா, தண்ணீர் பிடிக்கிறது!" என்று கத்தினான். மணப்பாறைப் பெண் முகத்தைத் திருப்பிக் கொண்டு கண்ணைத் துடைத்துக் கொண்டாள். உப்பு நீர் பட்டதாகச் சொன்னாள்.

படகில் இட்டிலி

பத்து மணிக்குப் படகிலேயே பலகாரம். நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்டிலி, பெரியவர் வீட்டு வறுத்த மீன். பேச்சு பெரிய நீச்சல்காரர்களைப் பற்றித் திரும்பியது. 1810-ல் ஆங்கிலக் கவி பைரன் துருக்கி நாட்டு ஹெல்லஸ்பாண்டு ஜலசந்தியை நீந்திக் கடந்தான். காதலிக்காக லியாண்டர் இரவுதோறும் நீந்தினான் என்று கிரேக்கக் கதை கூறும் ஜலசந்தி அது. நமக்கும் ஒரு ஜலசந்தி உண்டு. 1954-ல் ஈழத்துத் தமிழர் நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்தி வந்தார். 1966-ல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1994-ல் அதே கடலைக் கடந்த குற்றாலீசுவரனுக்கு வயது 12. அதற்கெல்லாம் வெகு முன்பே, சிலப்பதிகாரத்தில் 'கடலாடு காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. புகார் நகரத்து மக்கள் ஆணும் பெண்ணுமாகத் திருவிழாவில் கடலாடப் போனவர்கள்தாம். இடையில் எப்போதோ நாம் கரையேறி உட்கார்ந்து விட்டோம்.

பெரியவர் இன்னொரு பாடமும் சொன்னார். கரையில் அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாய், கலங்கலாய்த் தெரிந்தால், அதுதான் அபாயமான இடம். கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. அந்த இழுப்பில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவான். பதறாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைக் கடந்தால், பிறகு அலையே அவனைக் கரையில் கொண்டு வந்து போடும். இந்த நாலு வாக்கியம் தெரியாமல் ஒவ்வொரு வருஷமும் எத்தனை பிள்ளைகள்! 2021-ல் உலகமெங்கும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

திரும்பும்போது தொலைவில் பெட்டியைப் போல் உயர்ந்த கப்பல் ஒன்று தெற்கே போயிற்று. "அதில் நம்முடைய கார் இருக்குமா?" என்று தம்பி கேட்டான். யாருக்குத் தெரியும்? இருந்தாலும் அவன் கையை ஆட்டினான்.

அன்று மாலை விடுதிக்கு வந்து தலையைத் துவட்டும்போதே ஒரு தீர்மானம் செய்தோம். பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயியின் பாசனக் கிணறு இன்னும் தூராமல் இருக்கிறது. அவர் அநுமதி தந்தார். ஞாயிறுதோறும் பத்துப் பேர் அங்கே கூடுகிறோம். மாயவரத்துப் பெண்தான் எங்கள் வாத்தியார். இடுப்பில் கட்டக் கயிறும், முதுகில் கட்டப் பிளாஸ்டிக் கேனும் இருக்கின்றன. வந்தவாசி நண்பருக்குத்தான் இன்னும் கேன் தேவைப்படுகிறது. ஜார்க்கண்டுத் தம்பி சென்ற வாரம் கிணற்றின் குறுக்கே ஒரு தடவை நீந்திக் கடந்தான்.

நேயர்களே! உங்கள் ஊரில் ஒரு கிணறோ குளமோ மிச்சம் இருந்தால், தெரிந்தவர் ஒருவரைக் கரையில் நிறுத்திக்கொண்டு, உங்கள் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, நீந்தக் கற்றுக் கொடுங்கள். அடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போடாதீர்கள். அலை ஓய்வதே இல்லை.