சேலை என்ன கலர்?

தாத்தாவுக்குக் கண்ணில் அழுத்தம். முதலில் போனது ஓரப்பார்வை. எதிரே வரும் ஆள் தெரியும். பக்கத்தில் இருக்கும் சொம்பு தெரியாது, தட்டிவிடுவார். வயசுக்கு வருகிற புரைதானே, முற்றியதும் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். புரை என்றால் எடுத்ததும் பார்வை திரும்பிவிடும். இது கண் நரம்பையே அரித்துவிடுகிற நோய், போனது போனதுதான். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிடிபட்டன.

ஆனால் டூரிங் டாக்கீஸை மட்டும் விடவில்லை. சாயங்காலம் கொட்டகைக் குழாயில் சீர்காழி பாட ஆரம்பித்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெஞ்சு வேண்டாம், தரை டிக்கெட்தான்; மணலைக் குவித்துச் சாய்ந்துகொள்ளலாம். பேச்சில்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று காதில் சொல்வது என் வேலை. கூலி, இடைவேளைக்கு ஒரு முறுக்கு. ஒரே புரொஜக்டர் என்பதால் படத்துக்கு மூன்று இடைவேளை விடுவார்கள். அந்த வகையில் எனக்கு லாபம்.

‘பாசமலர்’ 1961-இல் வந்த படம். எங்கள் ஊருக்கு அது எத்தனையாவது நடையோ. சாவித்திரி வந்ததும் தாத்தா கேட்டார்:

“சேலை என்ன கலர்டா?”

“கறுப்பு வெள்ளைப் படம் தாத்தா.”

“அது உனக்கு. கரை பெருசா, சின்னதா?”

“பெருசு.”

“அப்ப அரக்குதான்.”

படம் முடியும்வரை சாவித்திரிக்குக் கிளிப்பச்சை, கத்திரிப்பூ என்று மாற்றி மாற்றிக் கட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அது இன்றைக்கும் கலர்ப் படம்தான்.

கடைசியில் தங்கை குழந்தையை வெடியிலிருந்து காப்பாற்றப்போய் சிவாஜிக்குப் பார்வை போய்விடும். கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. தாத்தா அழவில்லை. ஒரு தச்சர் இன்னொரு தச்சர் செய்த கதவைத் தட்டிப் பார்ப்பதுபோல, “தங்கச்சி பேசறப்ப மூஞ்சியத் திருப்புறானா, காதைத் திருப்புறானா?” என்றார். நான் கவனிக்கவில்லை. “வேற என்னத்தடா பார்த்தே?” என்று கோபித்துக்கொண்டார்.

தமிழ்ப் படங்களில் பேச்சு ஜாஸ்தி என்று விவரம் தெரிந்தவர்கள் குறைப்படுவார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் தாத்தா கொட்டகைக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் போட்டால் அவருக்கு நான் தேவையே இல்லை. “இப்ப வந்தது யாரு தாத்தா?” என்று நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ வந்தபோதுதான் இருவருமே திணறினோம். வசனம் சிக்கனம், முகங்கள்தான் எல்லாம். முகத்தை எப்படிக் காதில் சொல்வது? கடைசியில் ஊரே கரையில் நிற்க, விஜயன் ஆற்றில் இறங்குகிறார்.

“தண்ணி எதுவரைக்கும்?”

“இடுப்பு.”

“கரையில நிக்கிறவங்க?”

“சும்மா நிக்கிறாங்க.”

“சும்மான்னா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பாட்டிக்குக் கதை சொல்வது தாத்தாவின் பொறுப்பு. ஆற்றில் சுழல் வந்தது. கரையில் ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். நான் சொல்லாததெல்லாம் வந்துகொண்டிருந்தது.

“அப்படியெல்லாம் இல்ல பாட்டி, நான்தான் பார்த்தேனே!” என்றேன்.

முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டி நிமிரவே இல்லை. “நீ பார்த்தத அப்புறம் சொல்லு. ஏங்க, அந்தக் கெழவி அப்புறம் என்ன பண்ணுனா?”