திருகாணியும் கணினியும்

விஞ்ஞான வளர்ச்சிக்கு நாம் எதிரிகளல்லர். ஆயினும், ஒரு புதுமை நம் வாசலுக்கு வரும்போது, அது எவருக்கு எதைக் கொடுக்கின்றது, எவரிடமிருந்து எதைப் பறிக்கின்றது என்று கேட்பது நமது கடமையாகும். மோட்டார் சைக்கிளை முன்வைத்தே அக்கேள்வியைக் கேட்போம். மீன் வியாபாரியையும் மேசனையும் ஆசிரியையையும் நாள்தோறும் சுமந்து செல்லும் வாகனம் அதுவே.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த நாம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. ஆகவே, பொன்போலச் சேமித்த பெற்றோலிற் சில துளிகளைக் கார்பரேற்றருக்குள் விட்டு உதைத்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினோம். புகை கண்ணைக் கரித்தது. பிளக்கில் கரி படிந்தது. வீதியோரத்திலேயே அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டினோம். இவ்வித்தையை எந்தக் கம்பனியும் நமக்குக் கற்பிக்கவில்லை. இயந்திரம் தன் உட்புறத்தை ஒளிக்காதிருந்தமையால் ஊர்த் தொழிலாளரே அதனைக் கண்டறிந்தனர்.

எளிமை என்பது வறுமையின் அடையாளமன்று. 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப் 2017க்குள் பத்துக் கோடியைத் தாண்டி உற்பத்தியானது. சாதாரண மனிதன் வாங்கவும் ஓட்டவும் திருத்தவும் கூடியதாக அது இருந்தமையே அவ்வெற்றியின் பெருங்காரணம்.

இன்றைய நிலை வேறு. நமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை இந்தியாவில் உற்பத்தியானவை. அங்கு 2020 ஏப்ரலில் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், கார்பரேற்றரின் இடத்தை இலத்திரனியல் எரிபொருட் செலுத்தி பிடித்துக்கொண்டது. உணரிகள் காற்றையும் வெப்பத்தையும் அளக்கின்றன; சிறு கணினியொன்று எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கின்றது. புகை குறைகின்றது, எரிபொருள் வீணாவதும் குறைகின்றது. இவை நன்மைகளே. ஆனால் எரிபொருட் பம்பி மின்சாரத்தில் இயங்குவது. பற்றறி முற்றாகச் செத்துவிட்டால் பல வண்டிகளை உதைத்துப் பயனில்லை.

பிறேக்கின் கதை இன்னும் முக்கியமானது. மழை நனைந்த தார் வீதியில் மாடொன்று குறுக்கே வர, ஓட்டுபவர் பிறேக்கை இறுக்குகின்றார். சில்லு பூட்டிக்கொண்டு வழுக்குகின்றது. ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு, பிறேக்கை ஒரு வினாடிக்குட் பலமுறை தளர்த்தி இறுக்கி, அவ்வழுக்கலைத் தடுக்கின்றது. 1988இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் விலையுயர்ந்த வண்டியில் வந்த இவ்வமைப்பை, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் யாவற்றுக்கும் 2019இல் இந்தியா கட்டாயமாக்கியது. சிறிய வண்டிகளுக்கு, இரு சில்லுகளின் பிறேக்கையும் இணைக்கும் மலிவான ஏற்பாடே போதுமென விடப்பட்டது. அச்சிறிய வண்டியில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிச் செல்பவன் கூலித் தொழிலாளி. அவன் உயிருக்கு மட்டும் ஏன் மலிவான காவல்?

எனவே, “எளிமையே போதும்” என்று கூறுவோருடனும் நாம் உடன்படுவதற்கில்லை. உயிர் காக்கும் நுட்பம் வசதி படைத்தவரின் ஆபரணமாக இருத்தல் ஆகாது. அதேவேளை, பழுதைக் கண்டறியும் கருவியையும் அதன் குறியீடுகளையும் முகவரின் பூட்டிய அறைக்குள் வைத்திருக்கும் முறையையும் நாம் ஏற்கமுடியாது. சந்தி கராஜ்காரரின் கையில் திருகாணி முடுக்கி இருக்கின்றது, திறமையும் இருக்கின்றது. அறிவுதான் அவருக்கு மறுக்கப்படுகின்றது. அவர் கைவிரித்தபின் பட்டணத்து முகவரிடம் வண்டியை ஏற்றிச் செல்பவனுக்கு ஒருநாட் கூலியும் போய்விடுகின்றது.

இது மாற்றமுடியாத விதியன்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, கார் திருத்தும் தகவல்களை வெளிக் கராஜ்களுக்கும் வழங்கவேண்டுமெனச் சட்டமாக்கினர். 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நமது நாட்டில், பழைய வண்டிகளை ஓடவைத்தவர்கள் சிறு கராஜ்களின் தொழிலாளரே. அவர்களுக்குக் கருவியும் பயிற்சியும் கிடைக்கச் செய்யாமற் புதிய இயந்திரங்களை மட்டும் இறக்குவது முன்னேற்றமாகாது. இயந்திரம் எவ்வளவு நுட்பமானதாயினும் இருக்கட்டும். அதன் திறவுகோல் மக்களின் கையில் இருத்தல் வேண்டும்.