கண்கட்டியும் நாமும்

இமையைக் கண்ணுக்குக் காவல் என்பர். அந்தக் காவற்காரனே நோயாளியாகி வாசலிற் படுத்துக்கொண்டால் வீட்டுக்காரன் பாடு என்னவாகும்? அதனை மூன்றாண்டுகளில் ஐந்து முறை அநுபவித்தவர் நாம்.

முதற்கட்டி 2019 ஆம் ஆண்டில் வந்தது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஓரிரவில் வலது மேலிமையில் உளுந்தளவாக ஓர் உறுத்தல். விடிந்ததும் அது கடலையளவாயிற்று. பத்தாம் வகுப்பினுள் நாம் நுழைந்தபோது பின்வாங்கிலில் அடக்கிய சிரிப்பொன்று எழுந்தது. பார்க்கத் தகாததைப் பார்த்தவனுக்கே கண்கட்டி வருமென்பது ஊர்வழக்கு அல்லவா! அன்றைக்கு நாம் பார்த்ததெல்லாம் அவர்களுடைய விடைத்தாள்களையே என்று கூறினோம். அதன்பின் எவரும் சிரிக்கவில்லை.

வீட்டிற் சந்தனம் உரைத்துப் பூசினர். நண்பர் ஒருவர், உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றி ஒற்றச் சொன்னார். இவற்றால் நன்மை இல்லாவிடினும் பெருந்தீமை நேரவில்லை. நாமே செய்த மடமைதான் பெரிது. பொறுமையிழந்து, கண்ணாடியின் முன் நின்று கட்டியை நசுக்கினோம். மறுநாட் காலை அந்தக் கண் திறக்க மறுத்துவிட்டது.

கண் வைத்தியர் எம்மைக் கண்டித்தபின் விளக்கமும் தந்தார். இமையின் உள்ளே மேலும் கீழுமாக நெய்ச்சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. மேலிமையில் முப்பது வரையிலும் கீழிமையில் சற்றுக் குறைவாகவும் இருக்கும். 1666 ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக எழுதிய ஜெர்மானிய வைத்தியர் மைபோமின் பெயராலேயே இன்றும் அவை வழங்குகின்றன. அவை சுரக்கும் மெல்லிய நெய் கண்ணீரின் மேற் படலமாகப் படிந்து, அது விரைவில் உலர்ந்துபோகாமற் காக்கிறது. மார்கழிப் பனியிலே போத்தலில் உறையும் தேங்காயெண்ணெயைப் போல அந்நெய் தடித்து வாயிலை அடைத்துக்கொண்டால், உள்ளே தேங்கிக் கசிந்து, சூழவுள்ள தசையை வீங்கச் செய்யும். அதுவே நாட்பட்ட கட்டி. அது கடினமானது, பெரும்பாலும் வலியற்றது. மயிர்க்காலிலோ சுரப்பியிலோ கிருமி புகுந்து சிவந்து வலித்துச் சீழ் கட்டுவது வேறு. சில நாட்களில் உடைந்து ஆறிவிடும். இரண்டையும் நாம் கண்கட்டி என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். கிரேக்கர் முன்னதற்கு ஆலங்கட்டி எனப் பெயரிட்டனர். உரோமர் பின்னதை வாற்கோதுமை மணிக்கு ஒப்பிட்டனர். சுசுருத சங்கிதையோ பழுக்காத, வலியற்ற, இலந்தைக் கனியளவான இமைக்கட்டி ஒன்றைத் தனியே பிரித்துக் கூறுகிறது.

சிகிச்சை எளியது, ஆனாற் பொறுமை வேண்டும். மணிக்கட்டிற் பட்டால் இதமாகத் தாங்கக்கூடிய சுடுநீரில் தூய துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின்மேல் பத்து நிமிடம் வைத்தல் வேண்டும். துணி இரண்டொரு நிமிடத்தில் ஆறிவிடும். ஆதலால் மீண்டும் மீண்டும் நனைக்கவேண்டும். இதை அறியாதார் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு ஒத்தடம் பயனற்றது என்பர். பின்பு கழுவிய விரலால் மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் மயிரோரத்தை நோக்கி மெல்ல நீவுதல் வேண்டும். நாளுக்கு நான்கு முறை இவ்வாறு செய்துவந்தால் பெரும்பாலான கட்டிகள் சில வாரங்களிற் கரைந்துவிடும். எமது மூன்றாவது கட்டி கரையவில்லை. வைத்தியர் இமையை மரக்கச் செய்து, புரட்டி, உட்புறமாகக் கீறிச் சுரண்டி எடுத்தார். தையலும் இல்லை, வெளியே தழும்பும் இல்லை. ஊசிமருந்தாலும் கரைக்கலாமாம், ஆயினும் எம்போன்ற கருநிறத்தார்க்கு அவ்விடம் வெளுத்துப்போகக் கூடுமென்று அவர் அதனைத் தவிர்த்தார்.

மீண்டும் மீண்டும் வருவதேன் என்று கேட்டோம். மயிரோரத்திற் பொடுகு போன்ற செதில் படிந்து, இமையின் விளிம்பு நெடுநாளாக அழன்றிருந்ததே காரணம் என்றார். இரத்தத்திற் சீனியின் அளவையும் பார்க்கச் சொன்னார். நீரிழிவுள்ளோர்க்குக் கிருமிக்கட்டிகள் அடிக்கடி வருமாம். வெண்கட்டித் தூள் படிந்த கையாற் கண்ணைக் கசக்கும் எமது இருபதாண்டுப் பழக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெண்கட்டிக்கும் கண்கட்டிக்கும் இப்படியொரு உறவு! கட்டி இல்லாத நாளிலும் காலை மாலை ஒத்தடம். இளஞ்சூட்டு நீரிற் குழந்தைகளுக்கான ஷம்பூ ஓரிரு துளி கலந்து, பஞ்சினால் இமையோரத்தைத் துடைத்தல்: இவை இரண்டுமே அவர் விதித்த நியமங்கள். 2022 ஆம் ஆண்டின் பின் எமக்குக் கட்டி வரவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதும் தேவை நேர்ந்திராது. ஆனால் நோய் நீங்கியவனுக்கு வைத்தியனாகும் ஆசை பிறந்துவிடுகிறது. ஆசிரியர் அறையில் எவருக்கேனும் கண் சிவந்தால் நாமே வைத்தியர்! அப்படியிருக்கையிலேதான் எழுபது வயதைக் கடந்த எமது பெரியம்மாவுக்கு இடது மேலிமையிற் கட்டியொன்று தோன்றியது. தொலைபேசியிலேயே ஒத்தடம் விதித்தோம். கரையவில்லை. ஓரிடத்திற் கீறி எடுத்தார்கள். இரண்டு மாதத்தின் பின் அதே இடத்தில் மீண்டும் வந்தது.

"தம்பி, அந்த இடத்திலை இமைமயிரெல்லாம் கொட்டுண்டு போச்சுதடா" என்றார் பெரியம்மா.

"எனக்கும் ஐந்து தரம் வந்ததுதானே, பெரியம்மா. ஒத்தடத்தை விடாதேங்கோ" என்றோம்.

எமக்கு ஐந்து முறையும் வெவ்வேறிடத்தில் வந்தது. அவருக்கோ ஒரே இடத்தில். பாடத்தில் இத்தகைய வேறுபாட்டை மாணவன் கவனியாது விட்டால் நாம் சிவப்புக் கோடு இடுவோம். இங்கே ஏழு மாதங்கள் கவனியாதிருந்தோம்.

எமது கண்ணைக் காட்டச் சென்ற ஒருநாள் இச்செய்தியைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரை நாளைக்கே கூட்டி வாருங்கள்" என்றார். வெட்டியெடுத்த தசையைச் சோதனைக்கு அனுப்பினர். அந்த நெய்ச்சுரப்பியிலேயே தோன்றிய புற்றுநோய் அது. அரிதாக வருவதாயினும் சாதாரணக் கட்டியின் வேடத்தை அப்படியே பூண்டுகொள்ளுமாம். முதியோரையும் மேலிமையையுமே பெரும்பாலும் பற்றுமாம். வயது முதிர்ந்தோர்க்கு ஒரே இடத்தில் மீளவும் கட்டி வந்தாலும், அவ்விடத்து மயிர் உதிர்ந்தாலும், தசைச் சோதனை செய்தேயாக வேண்டும் என்றார் அவர். இளையோரானாலும், இமை முழுவதும் வீங்கிக் காய்ச்சல் காய்ந்தாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, அன்றே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். இவற்றையெல்லாம் நாம் முன்னரே கேட்டிருக்கலாம். எமது கண்ணைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தோம்.

பெரியம்மாவின் மேலிமையிற் பெரும்பகுதியை அகற்றி, வேறு தசைகொண்டு புதிதாக அமைத்தார்கள். நோய் கழுத்துக் கழலைகளுக்குப் பரவியிருக்கவில்லை. பார்வையும் தப்பியது. ஆனால் அந்தக் கண் முழுதாக மூடுவதில்லை. படுக்குமுன் களிம்பு இடவேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு நாமே அவரை அழைத்துச் செல்கிறோம். வரிசையில் இருக்கும்போது, பக்கத்திலிருப்பவர்க்கும் கேட்கும்படியாக, "என்னடா தம்பி, உன்ர சுடுதண்ணி வைத்தியம் இன்னும் நடக்குதோ?" என்று கேட்டுச் சிரிப்பார். நாம் கிளினிக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருப்போம்.