இழுக்கும் வண்டி தேடி கெடாவில் ஒரு ஞாயிறு



கெடாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஜெராய் மலையைப் பார்ப்பார்கள். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கற்களைப் பார்ப்பார்கள். அலோர் ஸ்டார் பக்கம் போய்ப் பச்சைப் பசேல் என்ற நெல் வயல்களைப் பார்த்து மகிழ்வார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கெடாவைச் சுற்றினேன். ஆனால் நான் அதிகமாகப் பார்த்தது என்ன தெரியுமா? பழைய வண்டிகளின் அடிப்பாகம்! சுங்கை பட்டாணியில் ஒன்று, தஞ்சோங் டாவாயில் ஒன்று, கோல கெட்டிலில் ஒன்று. மூன்றின் கீழும் படுத்து எழுந்து, சட்டை முழுக்க மண்ணோடு வீடு திரும்பினேன்.

காரணத்தைச் சொல்கிறேன். என் தங்கையின் கணவர் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர். முதலில் பால் மரம், பிறகு செம்பனை. தோட்டத்து நிலம் கைமாறிய பின் குடும்பத்தோடு சுங்கை பட்டாணி ஓரத்தில் ஒரு தாமானில் குடியேறினார். ஐம்பத்தைந்து வயதானதும் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. கோல கெட்டில் பக்கம் சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் வேலையைச் செய்யலாம் என்பது அவர் எண்ணம். அதற்குப் பின்னால் டிரெய்லர் இழுக்கக்கூடிய ஒரு பழைய நான்கு சக்கர இழுவை வண்டி வேண்டும்.

புறப்படும்போது தங்கை வாசலில் நின்று சொன்னாள்: "அண்ணே, இது ஒரே ஒரு தடவை வர்ற பணம். வண்டி நின்னு போச்சுன்னா வீடும் நின்னு போயிடும். பார்த்து வாங்கிக் கொடுங்க."

அவள் சொன்னதில் மிகையில்லை. வெட்டிய குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது என்பது உங்களுக்குத் தெரியும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், பழத்தின் தரம் குறையும், விலையும் குறையும். வண்டி வழியில் படுத்துவிட்டால் அன்றைய கூலி மட்டுமா போகும்? மறுநாள் அந்தத் தோட்டக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுக் கொள்வார்.

எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது சொற்பம். ஆகவே எங்கள் தாய்மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். தோட்டத்தில் நெடுங்காலம் டிராக்டர் ஓட்டியவர். வாரநாளில் பாலும் குலையும் இழுப்பார்; திருவிழா வந்தால் மாரியம்மன் இரதத்தை இழுப்பார். கையில் ஒரு டார்ச் லைட், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய துணி. இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள்.

சுங்கை பட்டாணியில் பளபளப்பு

காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு நகரின் எல்லையில் உள்ள ஒரு பழைய வண்டிக் கடைக்குப் போனோம். இரட்டைக் கதவு வண்டி ஒன்று புது மாப்பிள்ளை போல் மின்னியது. விலையும் மற்ற இடங்களைவிடக் குறைவு. மச்சான் முகத்தில் ஒரே மலர்ச்சி!

மாமா வண்டியின் பளபளப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முன் இருக்கையின் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரிந்த பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. பிறகு கால் மிதியின் விரிப்பைத் தூக்கி விரலால் தடவினார். விரலில் மெல்லிய வண்டல் ஒட்டியது.

"மாப்பிள்ளை, இது தண்ணியில நின்ன வண்டி" என்றார் மெதுவாக.

கெடா மக்களுக்கு வெள்ளம் புதிதல்ல. 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் வட்டாரமே வெள்ளத்தில் மிதந்தது. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய நீரும் சேறும் யான் பகுதியைச் சூறையாடின. 2022 ஜூலையில் பாலிங், கூப்பாங் பகுதியில் பெருவெள்ளம் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போயிற்று. வண்டியைக் கழுவலாம், சாயம் பூசலாம். ஆனால் ஒயர்களுக்குள்ளும் பேரிங்குகளுக்குள்ளும் புகுந்த நீர் ஓராண்டு கழித்துக்கூடத் தன் வேலையைக் காட்டும்.

பொய்யைக் காட்டிக் கொடுக்கும் இன்னொரு சாட்சியையும் மாமா காட்டினார். கிலோமீட்டர் கருவி குறைந்த ஓட்டத்தைக் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பரோ தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. "எண்ணை மாத்திடுவான். மிதியை மாத்த மறந்துடுவான்" என்று சிரித்தார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியேறினோம்.

தஞ்சோங் டாவாயில் உப்பு

பீடோங் வழியாக மேற்கே திரும்பினோம். செமிலிங்கைத் தாண்டினால் வலப்புறம் ஜெராய் மலை நீலமாக எழுந்து நிற்கிறது. உயரம் 1,217 மீட்டர். அந்நாளில் கடலில் வந்த மரக்கலங்களுக்கு இந்த மலைதான் அடையாளம். 1025-இல் முதலாம் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பழங்காலத்து இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன.

இதைச் சொன்னதும் மாமா, "இரும்பு அந்தக் காலத்திலேயே இங்கே இருந்துச்சு. உப்புக் காத்தும் அந்தக் காலத்திலேயே இருந்துச்சு, மறந்துடாதே" என்றார். அதன் பொருள் அரைமணி நேரத்தில் விளங்கிற்று.

தஞ்சோங் டாவாய், மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்து மீனவர் ஊர். நெத்திலியும் கருவாடும் மணக்கும். அங்கே ஒருவர் தம் வண்டியை விற்க இருந்தார். எஞ்சின் நன்றாக இருந்தது. காலை எழுந்தது முதல் இயக்காமல் எங்களுக்காகவே வைத்திருந்தார். மாமா முதலில் பானெட்டைத் தொட்டுக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துவிடுமாம். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது; கரும்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை; சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இந்த வண்டியில் எதுவும் இல்லை.

ஆனால் அது ஆண்டுக்கணக்காகப் படகு இழுத்த வண்டி. படகை நீரில் இறக்கும்போது வண்டியின் பின்சக்கரமும் உப்பு நீரில் இறங்கும். மாமா கீழே படுத்துச் சேசிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முன்னால் "டங் டங்" என்று ஒலித்த இரும்பு, பின்னால் கொக்கி பொருத்திய இடத்தில் "தொப்" என்றது. துரு உள்ளேயே தின்றுவிட்டிருந்தது. பிரேக் எண்ணெய் போகும் குழாயும் செதில் செதிலாக உரிந்தது.

விற்பவர் நல்ல மனிதர். "சுமைக்கு வேண்டாம் அண்ணே, வீட்டுக்கு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மலாயில் அவரே சொல்லிவிட்டார். தேநீர் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் வழியில் மாமா எங்களுக்குப் பாடம் நடத்தினார். இழுக்கும் வண்டிக்கு ஏணி போன்ற தனிச் சேசிஸ் வேண்டும். பிக்கப் வண்டிகளிலும், லேண்ட் குரூசர், ஃபார்ச்சூனர் போன்ற பெரிய ஜீப் வகைகளிலும் அது உண்டு. எஸ்.யு.வி. என்ற பெயரில் ஓடும் நகரத்து வண்டிகள் பலவற்றில் உடலும் சட்டமும் காரைப் போல ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கும். உயரமாக இருப்பதால் அது டிராக்டர் ஆகிவிடாது!

கோல கெட்டிலில் அழுக்கு

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சுங்கை பட்டாணியைக் கடந்து கிழக்கே போனோம். வீடுகள் குறைந்து செம்பனையும் ரப்பரும் மாறி மாறி வந்தன. கோல கெட்டிலுக்கு அருகே ஒரு முதிய குத்தகைக்காரர் தொழிலை விட்டு ஓய்வெடுக்கப் போகிறார். அவருடைய ஹைலக்ஸ் 2.5 லிட்டர் வண்டி வீட்டுப் பின்புறம் நின்றது. ஒற்றைக் கதவு, கையால் மாற்றும் கியர், பக்கமெல்லாம் கீறல். ஓடிய தூரம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். மச்சான் முகம் சுருங்கிப் போயிற்று.

"இந்த வண்டி என்ன இழுத்தது?" என்பதுதான் மாமா கேட்ட முதல் கேள்வி. முதியவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். அதற்குள் பட்டறை ரசீதுகள் தேதிவாரியாக இருந்தன. எண்ணெய் மாற்றியது, கிளட்ச் மாற்றியது, டைமிங் பெல்ட் மாற்றியது எல்லாம் இருந்தன.

வாசகர்களே, இந்த டைமிங் பெல்ட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஹைலக்ஸ் 2.5 டீசல் எஞ்சினுக்கு ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பழைய டிரைட்டன் 2.5 எஞ்சினிலும் பெல்ட்தான். அறுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. இசுசு டி-மேக்ஸின் 3 லிட்டர் எஞ்சின், 2015-க்குப் பின் வந்த ஹைலக்ஸ் டீசல் எஞ்சின்கள் ஆகியவற்றில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. ரசீது இல்லாத பெல்ட் வண்டி என்றால், பெல்ட் மாற்றும் செலவை விலையிலேயே கழித்துக் கேளுங்கள்.

பிறகு சோதனை. கை பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். எஞ்சின் உடனே அணைந்தது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்திருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். தானியங்கி கியர் வண்டியானால் கியர் எண்ணெயைப் பட்டறையில் பார்க்கச் சொல்ல வேண்டும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் அளவுக்கு மீறிச் சுமை இழுத்த வண்டி. செம்மண் பாதையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டினார். காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டுப் பார்க்கக் கூடாதாம், பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

"வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்கறது, தூங்கற மாட்டைப் பார்த்து விலை பேசற மாதிரி" என்று சொல்லி, முதியவரின் டிரெய்லரையே மாட்டச் சொன்னார். குலை ஏற்றி மேட்டில் அரைமணி நேரம் ஏறி இறங்கினோம். வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது.

இறக்கத்தில்தான் மாமா முக்கியமான செய்தியைச் சொன்னார். "இழுக்கறது பெரிசில்லை மாப்பிள்ளை. நிறுத்தறதுதான் பெரிசு."

அதன் கணக்கு இது. தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லருக்கு இத்தகைய வண்டிகளில் தயாரிப்பாளர் விதிக்கும் எல்லை பெரும்பாலும் 750 கிலோதான். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் பார்க்க வேண்டும். வேகம் இரு மடங்கானால், நிறுத்த அடக்க வேண்டிய விசை ஆற்றல் நான்கு மடங்காகும். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். சுமை பின்பக்கம் சாய்ந்தால் டிரெய்லர் பாம்பு போல ஆடும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ்க் கியரில் வர வேண்டும்.

மச்சான் ஒரு டன்னைப் பெட்டியிலும் ஒரு டன்னை டிரெய்லரிலும் ஏற்றக் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. "ரெண்டு நடை போங்க. பிள்ளைங்க அப்பாவை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கும்" என்றார் மாமா.

தாள்களும் டீசலும்

வண்டி பிடித்துவிட்டது என்று கையோடு பணம் கொடுக்கவில்லை. பாக்கிக் கடன் இருக்கிறதா, கட்டாத சம்மன் இருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்த்தோம். பெயர் மாற்றத்துக்கு முன் செய்யும் பி5 பரிசோதனையில் இந்த எண்களைத்தான் முக்கியமாகச் சரிபார்ப்பார்கள். அதில் தேறியதால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். டிரெய்லருக்கும் கொக்கிக்கும் என்ன அனுமதி வேண்டும், உங்கள் லைசென்ஸ் போதுமா என்பதை ஜே.பி.ஜே. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டீசலையும் மறக்க வேண்டாம். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் பொது மானியம் நீங்கி, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதியுள்ளோருக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு விலை சந்தையோடு ஏறி இறங்கும் பொருளாகிவிட்டது. ஆகவே தேவைக்கு மேல் பெரிய எஞ்சின் வாங்குவது மாதாமாதம் பையில் ஓட்டை போடுவதற்குச் சமம்.

கடைசியில் அந்த அழுக்கு வண்டிதான் வீட்டுக்கு வந்தது. சேமநிதிப் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே செலவாயிற்று. மிச்சத்தில் ஒரு பகுதியைப் புது டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்கச் சொன்னார் மாமா. தங்கை வண்டியைச் சுற்றி வந்து, "சாயம்கூட அடிக்கலையே" என்று முதலில் முகம் சுளித்தாள். பிறகு அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து ரசீதுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்து அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

மறுவாரம் திங்கட்கிழமை மச்சானுக்கு முதல் நடை. மாலை ஐந்து மணிக்கு எனக்கு அழைத்தார். "ரெண்டு நடை போயிட்டு வந்துட்டேன் மச்சான். டீசல் ரசீதை டின்னில் போட்டாச்சு" என்றார்.